‘ஆமா, மருந்து அடிச்சேன்’

ஏற்றுமதிப் பிரிவில் சேர்ந்த முதல் வாரமே உங்கள் கையில் தடித்த விதிமுறைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். கால் ஆடுகிற மேசைக்கு அடியில் வைக்கத் தோதான புத்தகம் என்று தேநீர் நேரத்தில் நீங்கள் சிரித்தது என் காதுக்கும் வந்தது. சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் படித்துவிட்டுச் சிரியுங்கள். அந்தப் புத்தகத்தின் ஒரு வரி ஓடைப்பட்டியில் ஒரு மனிதரின் இரண்டு வருட உழைப்பைக் கவிழ்க்கப் பார்த்தது. அதே புத்தகத்தின் இன்னொரு வரிதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. நடுவில் நின்று முழி பிதுங்கியது நான்.

ஓய்வு பெற்ற பிறகு அறிவுரை சொல்வது சுலபம், அதனால் அதைச் செய்யப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் தாண்டி நம் திராட்சையை வாங்கும் ஒரு நாட்டோடு அப்போது புதிதாக ஓர் ஏற்பாடு ஆகியிருந்தது. பூச்சிமருந்து இல்லாமல், மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் விளைந்த பழம் என்றால் அவர்கள் இறக்குமதி வரியைக் குறைப்பார்கள். துறைமுகத்தில் நாள் கணக்கில் காக்கவைக்காமல் கன்டெய்னரை விடுவிப்பார்கள். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. எத்தனையோ வருடமாக நாம் விவசாயிகளைக் கூட்டிவைத்து, தெளிப்பதைக் குறையுங்கள் என்று கெஞ்சியிருக்கிறோம். கைதட்டுவார்கள், வடை சாப்பிடுவார்கள், போகிற வழியில் உரக்கடையில் வண்டியை நிறுத்துவார்கள். குறைத்தவருக்குச் சந்தையில் மரியாதை கிடைக்கும் என்றால் கூட்டமும் வேண்டாம், வடையும் வேண்டாம். வணிக விதியைக் கொண்டு ஒரு வயலை மாற்ற முடியும் என்று நான் இன்றைக்கும் நம்புவது அதனால்தான்.

ஆனால் ஒன்று. பெரிய மண்டபத்தில் பேசி முடிவான விதி கடைசியில் ஒரு திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஒரு கேள்வியாக வந்து நிற்கும். அந்தக் கேள்வியை யார், எந்த வார்த்தையில் கேட்கப்போகிறார் என்பதை மண்டபத்தில் இருந்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வந்தவர் பிஜு. வாங்கும் நாட்டின் சார்பில் தோட்டங்களைப் பார்த்துச் சான்று கொடுக்கிற நிறுவனத்தின் ஆய்வாளர். கொச்சிக்காரர், இளவயது, நல்ல பையன். தமிழ் பேசுவார், அவசரம் வந்தால் பாதியில் மலையாளத்துக்குத் தாவிவிடுவார். அவர் ஊரில் பூச்சிமருந்துக்கு ‘விஷம்’ என்று சொல்வது வழக்கம். முதல் நாள் ஓடைப்பட்டியில் இறங்கியதும் திராட்சை விவசாயிகள் குழுவின் தலைவர் தங்கமுத்துவைப் பார்த்து, “தோட்டத்தில விஷம் அடிச்சோ?” என்று கேட்டுவிட்டார்.

“என்னது, விஷமா? ஏலே, நாங்க என்ன ஊரைக் கொல்லவா வெவசாயம் பாக்குறோம்?” என்று தங்கமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். எங்கள் அலுவலக உதவியாளர்தான் இடையில் புகுந்து, “சார், இங்கன அப்பிடிக் கேக்கக் கூடாது. மருந்துன்னு கேளுங்க” என்று சொல்லிக் காப்பாற்றினார். பிஜுவும் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எல்லாப் பந்தலிலும் ஒரே கேள்வி: மருந்து அடிச்சீகளா? ‘அடிச்சீகளா’ என்று நம் ஊர்ப் பேச்சையே பழகிக்கொண்டார் என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்துபோனோம்.

அறுவடை தொடங்கி, முதல் கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டிய நாள் வந்தது. தவக்கால வெள்ளிக்கிழமை, எனக்கு ஒருசந்தி நோன்பு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வயிற்றில் இல்லை. வெறும் வயிற்றில் எனக்குக் கோபம் எப்படி வரும் என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நான் பேக்கிங் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. உள்ளே பெண்கள் கொத்துக் கொத்தாகப் பழத்தை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு வெளியே, வேப்பமர நிழலில், பழம் நிறைந்த கூடைகளோடு ஒரு டிராக்டர் தனியாக நின்றது. அதன் பக்கத்தில் பொன்ராம்.

பொன்ராமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டம் பேச்சளவில் இருந்தபோதே அதை நம்பி உரக்கடைப் பக்கம் போவதை நிறுத்தியவர். முதல் வருடம் விளைச்சல் பாதியாகிப் போனது. ஊரே கேலி பேசியது. இரண்டாம் வருடம்தான் கொடி தேறி, பழம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்திருந்தது. மற்றவர்கள் எல்லோரும் அவர் தலை தப்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குழுவில் சேர்ந்தார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரின் டிராக்டர் வெளியே நிற்கிறது.

பிஜு என்னிடம் படிவத்தை நீட்டினார். மருந்து அடித்தாரா என்ற கேள்விக்கு எல்லாத் தோட்டத்துக்கும் ‘இல்லை’. பொன்ராமுக்கு மட்டும் ‘ஆம்’.

“அயாளு தன்னெயல்லே பறஞ்ஞது, மேடம்? ஞான் எந்து செய்யும்?” என்றார் பிஜு பாவமாக. அவரே சொன்னால் நான் என்ன செய்ய முடியும் என்கிறார். நியாயம்தான். புத்தகத்தில் தெளிவாக இருந்தது: தெளித்ததாக விவசாயியே ஒப்புக்கொண்டால் அந்தத் தோட்டம் அந்தப் பருவம் முழுவதும் சலுகைக்கு வெளியே.

எனக்குச் சுருக்கென்றது. நேராகப் போய், “என்னண்ணே, நீங்களுமா?” என்று கேட்டுவிட்டேன். பொன்ராம் தரையைப் பார்த்தார். டிராக்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவி விஜயாதான் வந்தார்.

“ஏன் மேடம் அவுகளப் பாத்து அப்பிடிக் கேக்குறீக? அவுக என்ன திருடிட்டா வந்தாக? மருந்து அடிச்சேன்னு உள்ளதைச் சொன்னாக.”

“என்ன மருந்தும்மா?”

“மோரு மேடம்! புளிச்ச மோரு! சொசைட்டிக்கு ஊத்துற பாலை எல்லாம் வீட்டுலயே ஒறைய ஊத்தி, பானை பானையாப் புளிக்க வச்சு, ரெண்டு வருசமா எங்க வீடே நாறிக் கெடக்கு.”

நான் பொன்ராமைப் பார்த்தேன். “மோரை ஏண்ணே மருந்துன்னு சொன்னீக?”

அப்போதுதான் அவர் வாய் திறந்தார். “கொடிக்குச் சாம்பல் நோய் வந்துச்சு. நோய்க்குக் குடுக்கிறது மருந்து தானே மேடம்? வேற என்னன்னு சொல்றது?”

சிரிப்பு வந்தது. ஒரு நிமிடத்துக்குத்தான். அடுத்த யோசனை வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. மோர் அடித்தவர் ‘ஆம்’ என்கிறார் என்றால், ‘இல்லை’ என்று சொன்ன மற்றவர்கள் எதை அடித்தார்கள்?

கைபேசியில் சென்னைக்குப் பேசினேன். என் மேலதிகாரி கூர்மையான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்த ஒருத்தரை மட்டும் விட்டுட்டு வண்டியை அனுப்பிடும்மா. பாவம்தான், இல்லேன்னு சொல்லலை. அவர் பேப்பரைத் திறந்தா எல்லார் பேப்பரையும் திறக்கணும். முதல் வண்டி இது.”

அவர் சொன்னது புத்தகத்தில் இருந்த இன்னொரு வரி. கன்டெய்னருக்கு முத்திரை வைக்கும்வரை குழு தானாக முன்வந்து தன் தகவலைத் திருத்தலாம். ஆனால் ஒருவருக்காகத் திருத்தினால் எல்லாத் தோட்டத்தையும் மறுபடி கேட்க வேண்டும். சந்தேகம் உள்ள தோட்டம் சோதனையில் தேறுகிறவரை ஒதுங்கி நிற்கும். எதையாவது மறைத்து, அது அவர்கள் துறைமுகத்தில் அகப்பட்டால், குழு மொத்தமும் வெளியே.

பொன்ராமை விட்டுவிடுவதுதான் எல்லோருக்கும் வசதி. மேலதிகாரிக்கு வசதி, பிஜுவுக்கு வசதி, உள்ளே அடுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்குக்கூட வசதி. பொன்ராமே, “விடுங்க மேடம், நான் மதுரைக்கு ஏத்திக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். மேகமலைப் பக்கம் வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. பழுத்த திராட்சையில் மழை விழுந்தால் வெடித்துப்போகும், ஆகவே எல்லோருக்கும் அவசரம்.

எனக்கு இருந்த பயம் வேறு. மருந்தை விட்டவருக்கு மரியாதை செய்ய ஒரு விதி கொண்டுவருகிறோம். அந்த விதி வந்து முதலில் தள்ளியது ஊரிலேயே முதலில் மருந்தை விட்டவரை. இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஊர் அடுத்த பருவம் என்ன செய்யும்? உரக்கடைக்காரர் கடையை விரித்துக் கட்ட வேண்டியிருக்கும். நம் திட்டம் பிறகு மண்டபத்தில் மட்டும்தான் இருக்கும்.

“சார், நான் எல்லாரையும் மறுபடி கேக்கப் போறேன்” என்றேன்.

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். “லாரிக்காரர் எவ்வளவு நேரம் நிப்பார்னு கேட்டுக்கோ. கப்பல்காரங்ககிட்ட நான் பேசறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இப்படி ஒரு மேலதிகாரி உங்களுக்கு அமைந்தால் விட்டுவிடாதீர்கள். அவர் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனித்தீர்களா? அடுத்து ஆக வேண்டியதைச் சொன்னார்.

கொட்டகைக்குள் எல்லோரையும் கூப்பிட்டேன். மருந்து என்ற வார்த்தையை மட்டும் வாயிலிருந்து விடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “அவுகவுக வீட்டுக்குப் போய், இந்தப் பருவத்துல டிரம்முல கலந்தது எதுவோ, அதோட காலி பாட்டில், பாக்கெட்டு, டப்பா எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல. பாக்கணும், அவ்வளவுதான்.”

“மேடம், காலி பாட்டில்னா எங்க மச்சான் வீட்டுல லாரி கணக்குல கெடக்கும், எல்லாத்தையும் கொண்டாரவா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. அந்த மச்சான் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சிரித்த பிறகு ஆட்கள் முறைத்துக்கொள்வதில்லை.

கொண்டுவந்து பரப்பினார்கள். வேப்பெண்ணெய், கந்தகத் தூள், மீன் கரைசல். எல்லாம் அனுமதி உள்ளவை. கடைசியாகத் தங்கமுத்து ஒரு பாட்டிலை வைத்தார். பச்சை இலைப் படம், சிரிக்கிற சூரியன், ‘இயற்கை’ என்று பெரிய எழுத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அதே பாட்டிலை வைத்தார்கள்.

“இது என்னண்ணே?”

“டானிக்கு மேடம்.”

“மருந்து அடிக்கலைன்னு எழுதிக் குடுத்திருக்கீகளே?”

“ஆமா. டானிக்கு எப்பிடி மருந்தாகும்? நோய்க்குக் குடுக்கிறது மருந்து, சத்துக்குக் குடுக்கிறது டானிக்கு. ஒங்க பிள்ளைக்கு டானிக்கு வாங்கிக் குடுத்தா, பிள்ளைக்குச் சீக்குன்னா சொல்வீக?”

அவர் பொய் சொல்லவில்லை. பொன்ராமும் பொய் சொல்லவில்லை. பிஜு தப்பாக எழுதவில்லை. எல்லோரும் உண்மையைச் சொல்லி, எல்லாம் தலைகீழாக வந்து நின்றது. ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கேள்வியைச் சந்தேகப்படுவது எவ்வளவு நல்லது என்று அந்தக் கொட்டகையில்தான் எனக்குப் பட்டது. வெறும் வயிற்றில் பொன்ராமைப் பார்த்து நான் கேட்ட கேள்வியை நினைத்துக் கூச்சமாகவும் இருந்தது.

இயற்கை என்று எழுதியிருக்கும் சில பாட்டில்களில் பூச்சிக்கொல்லி கலந்திருக்கும் என்பதை நாங்கள் வேறு இடங்களில் பார்த்திருந்தோம். தங்கமுத்துவிடம் அதைச் சொன்னேன். முகம் செத்துவிட்டது அவருக்கு. பொன்ராமுடையதையும் சேர்த்து நான்கு தோட்டத்துப் பழத்தையும் சோதனைக்கு எடுத்து, முடிவு வரும்வரை ஒதுக்கி வைப்போம், மீதியை அனுப்பலாம் என்று பிஜு சொன்னார்.

“மீதியை மட்டும் அனுப்புனா பாதி வண்டிதான் போகும்” என்றார் ஒருவர். “வண்டி நெறையணும்னா முடிவு வர்ற வரைக்கும் நிக்கணும். நாலு பேருக்காக ஊரே காத்துக் கெடக்கணுமா? மழை வேற வர்ற மாதிரி இருக்கு.” கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முடிவை அவர்களிடமே விட்டேன். பழம் என்னுடையதில்லை, மழையில் வெடித்தால் நட்டமும் எனக்கில்லை.

தங்கமுத்துதான் பேசினார். “நான் தலைவரு. என் பழம் ஏறுமோ ஏறாதோ, தெரியல. ஆனா பொன்ராம் பழம் ஏறாம இந்த வண்டி போகக் கூடாது. அவரைப் பாத்துட்டுத்தானப்பா நாம எல்லாரும் இதுல எறங்குனோம்? நிக்கட்டும் வண்டி.” லாரியின் குளிர்பெட்டிக்குக் கொட்டகையிலிருந்து மின்சாரம் இழுத்துக் கொடுத்தார்கள். பிஜு தானே மாதிரிகளைப் பையில் கட்டி, முத்திரை வைத்து, ஆய்வகத்துக்குக் கார் ஏறினார்.

மறுநாள் மத்தியானம் வரை நான் பார்த்தது வானத்தை மட்டும்தான். மேகம் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். பொன்ராம் தன் கூடைகளின் மேல் ஈரத் துணியைப் போர்த்தியும் எடுத்துமாக இருந்தார். கடைசியில் மேகம் மலைக்கு அந்தப் பக்கம் போய்க் கேரளத்தில் கொட்டியது. ஏறக்குறைய அதே நேரம் பிஜுவிடமிருந்து அழைப்பு.

“மேடம், பொன்ராம் சேட்டன்றெ பழம் கிளீன். ஒண்ணுமே இல்லா!”

நான் அந்த இடத்திலேயே ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று நான் விட்ட மூச்சு லாரிக்காரருக்கே கேட்டிருக்கும். விஜயா புருசனைப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பொன்ராம் முதல் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டு விலகினார்கள்.

டானிக் அடித்த மற்ற இருவர் பழமும் சுத்தம். ஒரே கடைதான், பாட்டிலுக்குள்தான் வேறு வேறு சரக்கு போலிருக்கிறது. தங்கமுத்து பழத்தில்தான் வாங்கும் நாட்டின் அளவைத் தாண்டிப் பூச்சிக்கொல்லி இருந்தது. நம் நாட்டு அளவுக்குள்தான் இருந்தது என்பதால் உள்ளூரில் விற்க எந்தத் தடையும் இல்லை. ஆண்டிபட்டி வியாபாரி ஒருவர் வாசலிலேயே விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். நல்லது கப்பல் ஏறும், மிச்சம் நம் வீட்டுக்கு வரும். வணிக விதிகளில் இருக்கிற இந்த ஓட்டையை நம்மைப் போன்றவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். அன்றைக்கு என்னிடம் அதிகாரம் எதுவும் இல்லை. தங்கமுத்து, “நீங்க என்ன சொல்றீக மேடம்?” என்று கேட்டபோது, “எனக்குச் சொல்ல உரிமை இல்லண்ணே” என்று மட்டும்தான் சொன்னேன்.

அவர் வியாபாரியைத் திருப்பி அனுப்பினார். “வெளிநாட்டுக்காரன் வேணாம்னு சொன்னதை ஆண்டிபட்டிக்காரன் வாயில போடவா?” என்றார். கொடியில் இருந்த பழத்தை வெட்டாமல், பூச்சிக்கொல்லியின் வீரியம் இறங்கட்டும் என்று விட்டுவைத்தார். பறித்து வைத்திருந்த கூடைகளைக் குழியில் கொட்டினார். மழை அந்தப் பருவம் அவர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாவது சோதனையில் அவர் பழமும் தேறி, அடுத்த கன்டெய்னரில் ஏறியது. அன்றைக்கு நான் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவர் தன் கோயிலில் சூடம் ஏற்றினார் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு பேச்சுவார்த்தைக்குப் போனபோது இதை அப்படியே சொன்னேன். வரி, அளவு, சான்று என்று பெரிய பெரிய விஷயங்களுக்கு நடுவில் ஓர் அம்மாள் மோரைப் பற்றிப் பேசுவதைச் சிலர் புன்னகையோடு கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கேள்வியை மாற்றினார்கள். ‘தெளித்தது என்ன’ என்று ஒரு கட்டம் படிவத்தில் வந்தது அப்படித்தான். நீங்கள் தினமும் நிரப்பி அலுத்துப்போகிற அதே கட்டம்.

அடுத்த பருவம் பிஜுவோடு பொன்ராம் தோட்டத்துக்குப் போனேன். பழைய பழக்கத்தில் பிஜு அதே கேள்வியைக் கேட்டார்: “மருந்து அடிச்சீகளா?”

“ஆமா, மருந்து அடிச்சேன்” என்றார் பொன்ராம், போன வருடத்தைவிடச் சத்தமாக.

பிஜு பேனாவைத் தாழ்த்தினார். “எந்து மருந்நா, சேட்டா?”

பொன்ராம் வீட்டுப் பக்கம் பார்த்தார். விஜயா பானையில் புளித்துக்கொண்டிருந்ததை ஒரு டம்ளரில் மொண்டு கொண்டுவந்து பிஜு கையில் கொடுத்தார். “அவுக சொன்னாத்தான் நம்ப மாட்டீகளே, குடிச்சுப் பாருங்க.”

பிஜு மோந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். முகம் அஷ்டகோணலானது. “உப்பு இட்டில்லல்லோ” என்றார். உப்புப் போடவில்லையாம். பிறகு படிவத்தை முழங்காலில் வைத்து, ‘ஆம்’ என்று குறித்து, பக்கத்துக் கட்டத்தில் தமிழிலேயே எழுத்துக்கூட்டி எழுதினார்: மோர்.